மீண்டு வருவோர்க்கு வீடும் உரிமையும்

புலம்பெயர்வு என்பது ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடும் செயல் என்றே பலரும் எண்ணுகின்றனர். எம்மவரின் வாழ்வு அவ்வாறு அமையவில்லை. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் ஈழத்திலிருந்து பலெர்மோ நகரை வந்தடைந்த குடும்பங்களுட் சில, பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியையும் உறவினரின் அண்மையையும் நாடிப் பிரித்தானியாவுக்குச் சென்றன. வேறு சில யேர்மனிக்கும் பிரான்சுக்கும் சென்றன. இன்னுஞ் சிலர் முதிய பெற்றோரைப் பராமரிப்பதற்காக யாழ்ப்பாணத்துக்குச் சென்று ஓராண்டு, ஈராண்டு தங்கினர். இவர்களுள் ஒரு பகுதியினர் மீண்டும் பலெர்மோவுக்கே வந்துகொண்டிருக்கின்றனர்.

திரும்பி வருபவருக்கு இந்நகரம் பழகிய நகரம். பலாரோச் சந்தையின் கூச்சலும், மொந்தே பெல்லெகிரினோ மலைமேல் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலும் அவருக்குப் புதியன அல்ல. ஆதலால் முன்பு தாம் அனுபவித்த உரிமைகளும் தமக்காகக் காத்திருக்கும் என அவர் நம்பிவிடுகிறார். சட்டம் அப்படிக் கருதுவதில்லை. எத்தனை ஆண்டுகள் முன்பு இங்கு வாழ்ந்தார் என்பதோடு, எப்போது சென்றார், சென்றதை அறிவித்தாரா, வந்ததை எப்போது பதிந்தார் என்பவற்றையும் அது கேட்கிறது. இவற்றுக்கு விடையளிக்க இயலாத காரணத்தால் வீடும் உதவிப்பணமும் கிடைக்காமல் அல்லற்படுவோர் உளர். பெற்றோரும், அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணிமனைகளுக்குச் செல்லும் எமது மாணவர்களும் இவ்விடயத்தை அடிப்படையிலிருந்து விளங்கிக்கொள்வது நன்று.

மூன்று சொற்கள்

முதலிற் சொற்களைத் தெளிந்துகொள்வோம். இத்தாலியச் சட்டத்தில் ‘திமோரா’, ‘தொமிச்சிலியோ’, ‘ரெசிதென்ஸா’ என மூன்று சொற்கள் வழங்குகின்றன. ஒருவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம் திமோரா. அதனைத் தங்குமிடம் எனலாம். ஒருவருடைய தொழிலும் நலன்களும் முதன்மையாக நிலைகொண்டுள்ள இடம் தொமிச்சிலியோ. ஒருவர் வழமையாக வாழும் இடமே ரெசிதென்ஸா, அதாவது வதிவிடம். பின்னைய இரண்டுக்கும் 1942ஆம் ஆண்டின் குடியியற் சட்டக்கோவை தனது 43ஆம் பிரிவில் வரைவிலக்கணம் தருகிறது.

மைத்துனர் வீட்டில் ஒரு மாதம் விருந்தினராகத் தங்கியிருப்பவருக்குப் பலெர்மோவில் திமோரா உண்டு, ரெசிதென்ஸா இல்லை. அவர் வழமையாக அங்கேயே வாழத் தொடங்கி, அதனை மாநகரசபையாகிய கொமூனேயின் குடிப்பதிவேட்டிற் பதிந்த பின்னரே அவர் பலெர்மோவின் வதிவாளர் எனப் பணிமனைகளால் ஏற்றுக்கொள்ளப்படுவார். குடும்ப வைத்தியர், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு, வருமான மதிப்பீட்டுச் சான்று, குடியுரிமை விண்ணப்பம் ஆகிய யாவும் இப்பதிவின் பின்னாலேயே வருகின்றன. வதிவிடப் பதிவு ஒரு வீட்டின் தலைவாசல் போன்றது. தலைவாசல் திறவாமல் உள்ளறைகளுக்குச் செல்ல முடியாது.

இப்பதிவின் மதிப்பைப் பலெர்மோ நகரம் நாடு முழுவதும் உணரச் செய்தது. 2018 ஒக்தோபரில் வந்த பாதுகாப்புச் சட்டம், புகலிடம் கோரியோரைக் குடிப்பதிவேட்டிற் பதிவதைத் தடுத்தது. அச்சட்டத்தின் அப்பகுதியைத் தமது நகரில் நடைமுறைப்படுத்துவதை நிறுத்துமாறு அன்றைய மாநகர முதல்வர் லெயோலூக்கா ஒர்லாந்தோ 2019 சனவரியிற் பணித்தார். 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம், அத்தடை மனிதரின் சம மதிப்புக்கு ஒவ்வாதது எனக் கூறி அதனை நீக்கியது. ஒரு பதிவேட்டில் பெயர் இருப்பதும் இல்லாமையும் ஒரு மனிதரின் மதிப்போடு தொடர்புடையவை என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

பதிவு நடைபெறும் முறை

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர், குடியேறிய நாளிலிருந்து 20 நாள்களுக்குள் கொமூனேயில் அதனை அறிவித்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டு மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, அறிவித்தல் கிடைத்து இரண்டு வேலைநாள்களுக்குள் பதிவு செய்யப்படுகிறது. பின்னர் 45 நாள்களுக்குள் நகரக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து, அறிவித்தவர் உண்மையில் அங்கு வாழ்கிறாரா எனப் பார்ப்பார். அக்காலத்துக்குள் மறுப்பு எதுவும் வராவிடில் பதிவு உறுதியானதாகக் கொள்ளப்படும்.

இங்கே சிறியதொரு விடயம் பெரிய தொல்லையைத் தருகிறது. வாசலின் அழைப்புமணிப் பலகையிலும் தபாற்பெட்டியிலும் குடியிருப்பவரின் பெயர் இல்லாவிடில், வந்த காவலர் ஆளைக் காணவில்லை என எழுதிச் செல்லக்கூடும். பகல் முழுவதும் பிறர் வீடுகளில் வேலை செய்யும் எம்மவருக்கு இது அடிக்கடி நேரக்கூடியது. ஆகவே குடிபுகுந்த அன்றே பெயரைத் தெளிவாக எழுதி ஒட்டுதல் வேண்டும். அயலவருக்கும் தம்மை அறிமுகம் செய்துவைத்தல் நல்லது.

வரும்போது பதிவதைப் போலவே போகும்போதும் அறிவித்தல் வேண்டும். இத்தாலியக் குடியுரிமை பெற்ற ஒருவர் ஓராண்டுக்கு மேலாக வெளிநாட்டில் வாழச் செல்வாராயின், ‘ஆயிரே’ எனப்படும் வெளிநாடுவாழ் இத்தாலியர் பதிவேட்டிற் பதிதல் கடமையாகும். 1988ஆம் ஆண்டின் சட்டம் இதனை ஏற்படுத்தியது. நெடுங்காலமாக இக்கடமையைத் தவறவிட்டோர் பெரிதாகத் தண்டிக்கப்படவில்லை. ஆனால் 2024 முதல், பதியாத ஒவ்வோராண்டுக்கும் 200 முதல் 1,000 யூரோ வரை, ஐந்தாண்டு வரையிலான காலத்துக்குத் தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆயிரேயிற் பதிந்தவர் மீண்டு வரும்போது தனியாக அதிலிருந்து நீக்கக் கோரவேண்டியதில்லை. கொமூனேயில் வதிவிடத்தை அறிவித்தால் அம்மாற்றமும் அதனுடன் நிகழும்.

வெளிநாட்டுக் குடிமகனாக இருப்பவர் இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். வதிவிட அனுமதிப்பத்திரமாகிய சொஜோர்னோவைப் புதுப்பித்து 60 நாள்களுக்குள், தாம் அதே முகவரியில் வழமையாக வாழ்வதாகக் கொமூனேக்கு மீண்டும் அறிவித்தல் அவரது கடமை. பலர் பொலிஸ் பணிமனையிற் பத்திரத்தைப் பெற்றதோடு வேலை முடிந்ததென எண்ணிவிடுகின்றனர். அறிவியாது விட்டால் உரிய அழைப்பின் பின்னர் குடிப்பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படலாம். பலெர்மோவை விட்டு ஒருநாளும் நீங்காதவர்கூட இவ்வாறு ஏட்டளவில் நாட்டை விட்டுப் போனவராகிவிடுவார்.

சிசிலியரும் இவ்வழியே வந்தோர்

இச்சட்டங்கள் எம்மை நெருக்குவதற்காக எழுதப்பட்டவை என எண்ணலாகாது. சிசிலித் தீவே மக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிய தீவு. 1955 திசம்பரில் இத்தாலியும் யேர்மனியும் தொழிலாளர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பின்னர் தென்னித்தாலியிலிருந்து பெருந்தொகையானோர் யேர்மனியின் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். அவர்கள் மீண்டு வந்தபோது எழுந்த சிக்கல்களைத் தீர்க்கவே மேற்கூறிய பதிவேடு போன்ற பல ஏற்பாடுகள் பிறந்தன.

வெளிநாட்டில் வேலையிழந்து திரும்பும் இத்தாலியக் குடிமக்களுக்கு ஆறு மாதம் வரை உதவிப்பணம் வழங்க 1975இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை பெற்ற எம்மவரும் அதனைக் கோரக்கூடியவராக இருந்தனர். ஆனால் 2025 சனவரி 1ஆம் திகதி முதல் வேலையிழந்தவர்களுக்கு இவ்வுதவி இல்லையென 2025ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுச் சட்டம் விதித்துவிட்டது. முன்பு இதனைப் பெற்றவர்கள் நல்லெண்ணத்தோடு இப்பொழுதும் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதனை நம்பிப் பயணச்சீட்டு வாங்குதல் கூடாது.

வாடகை வீடு

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பர் எம் முன்னோர். மீண்டு வருவோர் முதலில் முட்டிக்கொள்வது வீட்டு வாசலிலேதான். வீட்டுக்காரர் சம்பளப் பத்திரம் கேட்கிறார். வேலை கொடுப்பவர் முகவரி கேட்கிறார். வதிவிடப் பதிவுக்கோ, அவ்வீட்டில் வாழ்வதற்கான உரிமையைக் காட்டவேண்டும் என 2014ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், இரவற் குடியிருப்பு உடன்பாடு, அல்லது வீட்டுரிமையாளரின் ஒப்புதல் இதற்கு வேண்டும். எனவே வீடே முதற்படி. அதற்குரிய ஒப்பந்தமே முதற் பத்திரம்.

வாடகை ஒப்பந்தங்களை 1998ஆம் ஆண்டின் 431ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அதில் மூன்று வகைகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, நான்கு ஆண்டும் மேலும் நான்கு ஆண்டும் கொண்டது. இதில் வாடகைத் தொகையை இருவரும் தாமாகவே பேசித் தீர்மானிப்பர். இரண்டாவது, மூன்று ஆண்டும் மேலும் இரண்டு ஆண்டும் கொண்டது. இதில் வாடகை, வீட்டுரிமையாளர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் உடன்பட்ட எல்லைக்குள் அமையும். மூன்றாவது, 18 மாதத்துக்கு மேற்படாத இடைக்கால ஒப்பந்தம். இதற்கு உண்மையான தற்காலிகத் தேவை ஒன்று எழுத்திற் காட்டப்படல் வேண்டும்.

ஒப்பந்தம் எவ்வகையினதாயினும் 30 நாள்களுக்குள் வரித்திணைக்களத்திற் பதியப்படல் வேண்டும். பதிவது வீட்டுரிமையாளரின் கடமை. பதியாத ஒப்பந்தம் சட்டத்தின்முன் செல்லாது. வீட்டுக்காரர் ‘செதொலாரே செக்கா’ என்னும் தனிவரி முறையைத் தெரிந்துகொண்டால் குடியிருப்பவர் பதிவு வரி செலுத்தவேண்டியதில்லை. அம்முறை தொடரும்வரை விலைவாசியைக் காட்டி வாடகையை உயர்த்தவும் இயலாது. அம்முறையைத் தெரியாவிடில் ஆண்டு வாடகையின் 2 வீதம் வரியாகும். அதை இருவரும் சரிபாதியாகப் பகிர்வர். மாதம் 500 யூரோ வாடகையெனின் ஆண்டுக்கு 6,000 யூரோ. வரி 120 யூரோ. குடியிருப்பவர் பங்கு 60 யூரோ.

வைப்புப் பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என 1978ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்துள்ளது. மேற்கூறிய வாடகைக்கு அது 1,500 யூரோவே. ஒப்பந்தத்தில் 300 யூரோ என எழுதிக் கையில் 500 யூரோ வாங்கும் வழக்கமும் உண்டு. எழுதிய தொகைக்கு மேற்பட்ட உடன்பாடு செல்லாது. கொடுத்த மிகைப்பணத்தை, வீட்டைத் திருப்பிக் கொடுத்து ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு மீளக்கோரலாம். அதற்குச் சான்று வேண்டும். ஆதலால் வாடகையை வங்கி மூலம் செலுத்துதலே சிறந்தது. கையிற் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும்.

2015இல் பலெர்மோவின் அரபு-நோர்மன் கட்டடங்கள் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. 2018இல் இந்நகரம் இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. இவற்றால் நகருக்குப் பெருமை சேர்ந்தது. அதேவேளை எம்மவர் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த பழைய நகர்ப்பகுதி வீடுகள் பல உல்லாசப் பயணிகளுக்கான நாள்வாடகை அறைகளாக மாறின. பத்தாண்டுக்கு முன்னர் இங்கிருந்து சென்றவர் பழைய வாடகையை மனத்திற் கொண்டு வருவாராயின் ஏமாற்றமடைவார். பயணத்துக்கு முன்னரே இன்றைய வாடகையை விசாரித்து, குறைந்தது வைப்புப் பணமும் மூன்று மாதச் செலவும் கையில் வைத்திருத்தல் அறிவுடைமை.

உறவினர் வீட்டில் பதியும்போது

தனிவீடு கிடைக்கும்வரை அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ தங்குவது எம்மவர் வழக்கம். இவ்வுறவுப் பாசமே எமது சமூகத்தின் பெருஞ்செல்வம். ஆயினும் அதில் மறைந்திருக்கும் ஒரு சிக்கலை இரு குடும்பங்களும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

1989ஆம் ஆண்டின் குடிப்பதிவு ஒழுங்குவிதியின்படி, உறவால் இணைந்து ஒரே வீட்டில் வாழ்வோர் ஒரே குடும்பமாகவே பதியப்படுவர். இதன் விளைவு வருமான மதிப்பீட்டிலே தெரியும். ‘ஈசே’ எனப்படும் மதிப்பீட்டுச் சான்று, குடும்பம் முழுவதன் வருமானத்தையும் சொத்தையும் ஒன்றாகக் கணக்கிடுகிறது. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரு பத்திரத்தில் ஒன்றாகிவிட்டால், அண்ணனின் சம்பளம் தம்பியின் கணக்கிலும், தம்பியின் சேமிப்பு அண்ணனின் கணக்கிலும் ஏறும். அதனால் இரு வீட்டுப் பிள்ளைகளின் கொடுப்பனவும் குறையலாம். காரணம் தெரியாமல் உறவுக்குள் மனக்கசப்பு உண்டாவதும் நேரலாம். ஆகவே உறவினர் வீட்டில் பதிவதற்கு முன் இரு குடும்பத்தாரும் ஒருங்கே அமர்ந்து, ‘காஃப்’ எனப்படும் வரி உதவி நிலையத்தில் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். இடம் கொடுக்கும் உறவினர், தம் வீட்டில் வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைத்தால் 48 மணித்தியாலத்துக்குள் பொலிசாருக்கு எழுத்தில் அறிவித்தலும் கடமையாகும். உறவினர் என்பதால் இதில் விலக்கு இல்லை.

கொடுப்பனவுகளும் காலக்கணக்கும்

திரும்பி வந்தவருக்கு உதவிப்பணம் எப்போது உரியது என்பது ஐரோப்பா எங்கும் வாதிக்கப்பட்ட வினா. பிரான்சிற் பல்லாண்டு வேலைசெய்து 1995இல் தாய்நாடு திரும்பிய ஸ்வாட்லிங் என்னும் பிரித்தானியருக்கு, அவர் போதிய காலம் அங்கு வாழவில்லை எனக் கூறி உதவி மறுக்கப்பட்டது. வழக்கு லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒருவரின் வழமையான வதிவிடத்தைத் தீர்மானிக்கும்போது அவரது குடும்பநிலை, திரும்பிய காரணம், தங்கிவிடும் எண்ணம் ஆகியவற்றையும் நோக்கவேண்டும். கால நீட்சி மட்டும் அளவுகோல் அன்று என 1999இல் அந்நீதிமன்றம் தீர்த்தது. அவ்வழக்கு ஐரோப்பிய ஒழுங்குவிதிக்குள் அடங்கிய உதவி பற்றியது. எல்லா உதவிகளுக்கும் அது பொருந்தாது. இத்தாலியிற் பல கொடுப்பனவுகளுக்குச் சட்டமே ஆண்டுக்கணக்கை விதித்துள்ளது.

பிள்ளைகளுக்கான ‘அசெஞ்ஞோ ஊனிக்கோ’ 2022 மார்ச்சிலிருந்து வழங்கப்படுகிறது. இதனை ஏற்படுத்திய 2021ஆம் ஆண்டின் ஆணை, பெற்றோர் இத்தாலியில் வதிந்து வரி செலுத்தவேண்டும் என்றும், தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ ஈராண்டு வதிந்திருத்தல் வேண்டும் அல்லது குறைந்தது ஆறு மாத வேலை ஒப்பந்தம் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. ‘விட்டுவிட்டு’ என்னும் சொல் எம்மவருக்கு மிகவும் பயன்தருவது. வெளிநாடு செல்லுமுன் இங்கு பதிந்து வாழ்ந்த ஆண்டுகளும் இக்கணக்கிற் சேரும். ஈராண்டு நிபந்தனை நீதியற்றது என ஐரோப்பிய ஆணையம் 2024இல் இத்தாலியை நீதிமன்றத்துக்கு இட்டுச்செல்ல முடிவு செய்தமையையும் அறிந்திருத்தல் நன்று. ஈசே சான்று இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மிகக் குறைந்த தொகையே கிடைக்கும். ஈசேயில் வெளிநாட்டில் உழைத்த பணமும், வெளிநாட்டு வங்கிக் கணக்கும், யாழ்ப்பாணத்துக் காணியும் வீடும் மறைக்காமற் காட்டப்படல் வேண்டும். ஈசே ஈராண்டுக்கு முந்திய வருமானத்தையே நோக்குவதால், அண்மையில் வேலையிழந்தவர் நடப்பு நிலையைக் காட்டும் ‘ஈசே கொர்ரென்தே’யைக் கோரலாம்.

வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு 2019 முதல் 2023 வரை ‘ரெத்தித்தோ தி சித்தாதினான்ஸா’ வழங்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு வதிவு கேட்கப்பட்டது. அந்நிபந்தனை நீண்டகால வதிவாளருக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு என ஐரோப்பிய நீதிமன்றம் 2024 யூலையிற் கூறியது. இப்பொழுது அதனிடத்தில் 2024 சனவரி முதல் ‘அசெஞ்ஞோ தி இன்க்ளுசியோனே’ உள்ளது. 18 வயதுக்குட்பட்டோர், உடற்குறையுடையோர், 60 வயதைக் கடந்தோர் முதலியோர் உள்ள குடும்பங்களுக்கே இது உரியது. விண்ணப்பிப்பவர் ஐந்தாண்டு இத்தாலியில் வதிந்திருத்தல் வேண்டும். அதில் கடைசி ஈராண்டும் தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும். வெளிநாட்டவராயின் நீண்டகால வதிவிட அனுமதியோ அகதி நிலை போன்ற பாதுகாப்போ வேண்டும். வாடகை ஒப்பந்தம் பதியப்பட்டிருந்தால் வாடகைக்கென ஒரு பகுதியும் சேர்த்து வழங்கப்படும். ஒப்பந்தம் பதிவதால் வரும் பயன்களுள் இதுவும் ஒன்று.

இக்கொடுப்பனவிலே தொடர்ச்சி என்பதற்குக் கடுமையான வரையறை உண்டு. இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஒரே முறையில் நாட்டை விட்டு நீங்கியிருந்தால், அல்லது 18 மாதங்களுக்குள் மொத்தம் நான்கு மாதம் நீங்கியிருந்தால், தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். சான்றுடன் கூடிய கடும் நோய்க்காரணம் போன்றவை இதற்கு விலக்கு. பாடசாலை விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் திரும்பும் நாளைக் கணக்கிட்ட பின்னரே பயணச்சீட்டு வாங்குதல் வேண்டும். முதியோருக்கான ‘அசெஞ்ஞோ சொச்சாலே’க்கு 67 வயதும், தொடர்ச்சியான பத்தாண்டுச் சட்டபூர்வ வதிவும் வேண்டும். அதனைப் பெறுபவர் 29 நாள்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் கொடுப்பனவு இடைநிறுத்தப்படும். நல்லூர்த் திருவிழாவுக்குச் சென்று உறவினர் வற்புறுத்தலால் மேலும் சில கிழமைகள் தங்கிவிடும் பெரியோர் இதனை மனங்கொள்க.

வேலையற்றோர் காப்புறுதியில் வேறொரு வழி உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் உழைத்தவர், அந்நாட்டுக் காப்புறுதிக் காலத்தைக் காட்டும் ‘யூ1’ என்னும் பத்திரத்தை வாங்கிவருதல் வேண்டும். இத்தாலியில் மீண்டும் ஒரு வேலை செய்து அதனை இழக்க நேரின், ‘நாஸ்பி’ கொடுப்பனவுக்கு அக்காலமும் சேர்த்துக் கணக்கிடப்படும். அங்கே ஏற்கனவே உதவிப்பணம் பெறுபவர் ‘யூ2’ பத்திரத்துடன் வந்து, ஏழு நாள்களுக்குள் இங்குள்ள வேலைவாய்ப்பு நிலையத்திற் பதிந்தால் மூன்று மாதத்துக்கு அதனை இங்கும் பெறலாம். சில வேளைகளில் ஆறு மாதம்வரை நீடிக்கப்படும். 2011 முதல் இவ்வசதி ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும் டென்மார்க்கிலும் சுவிற்சர்லாந்திலும் இவ்விரிவு பொருந்தாது. பத்திரத்தை அந்நாட்டை விட்டுப் புறப்படுமுன் பெறுதலே எளிது. வந்தபின் கடிதம் எழுதிக் காத்திருத்தல் பெருந்துன்பம்.

சொஜோர்னோவின் ஆயுள்

குடியுரிமை பெறாதவருக்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை அனுமதிப்பத்திரமே. நீண்டகால வதிவாளர் அனுமதி உடையவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் தங்கினாலும், இத்தாலிக்கு வெளியே ஆறு ஆண்டுக்கு மேல் தங்கினாலும் அதனை இழக்கக்கூடும். சாதாரண அனுமதி உடையவருக்கு எல்லை இன்னுங் குறைவு. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருந்தால், கடும் காரணம் காட்டாவிடில் புதுப்பிக்க இயலாது. ஈராண்டோ அதற்கு மேலோ செல்லுபடியாகும் பத்திரத்துக்கு, அதன் காலத்தின் அரைவாசியே எல்லை. தாயின் நோய் காரணமாகச் சென்று தங்க நேர்ந்தவர், வைத்தியசாலைக் கடிதங்களைப் பேணிக்கொள்ளல் வேண்டும். அகதி நிலை உடையவர் தாயகம் செல்வது அந்நிலையையே கேள்விக்குள்ளாக்கும் ஆதலால், சட்ட ஆலோசனை பெறாமற் பயணம் செய்யலாகாது.

மாணவச் செல்வங்களுக்கு

இது பெரியோருக்கு மட்டும் உரிய விடயம் அன்று. இத்தாலியிற் பிறந்த வெளிநாட்டுப் பிள்ளை, 18 வயதுவரை இடையறாது சட்டபூர்வமாக இங்கு வதிந்திருந்தால், 18 நிறைந்து ஓராண்டுக்குள் கொமூனேயில் அறிவித்துக் குடியுரிமை பெறலாம் என 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. குடும்பம் மூன்றாண்டு இலண்டனில் வாழ்ந்து திரும்பினால் இவ்வழி அடைபடும். ஆனால் எல்லா வழியும் அடைபடுவதில்லை. இங்கு பிறந்தவர் மூன்றாண்டு சட்டபூர்வமாக வதிந்த பின் விண்ணப்பிக்க அதே சட்டத்தில் வேறொரு வழி உண்டு. மற்றையோருட் பெரும்பாலானோருக்குப் பத்தாண்டு வதிவு வேண்டும். அதனை ஐந்தாண்டாக்க 2025 யூனில் நடந்த மக்கள் வாக்கெடுப்பு, போதிய வாக்காளர் வராமையால் பயனற்றுப் போயிற்று.

குடும்பம் இங்கேயே இருந்தும், பெற்றோரின் அல்லது பணிமனையின் தவறால் பதிவேட்டில் இடைவெளி விழுந்திருந்தால், அது பிள்ளைக்குக் குற்றமாகாது என 2013இல் வந்த சட்டம் காக்கிறது. அப்பொழுது உண்மையில் இங்கு வாழ்ந்ததை வேறு பத்திரங்களால் மெய்ப்பிக்கலாம். பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை, வைத்தியச் சான்று ஆகியன உங்கள் வாழ்வின் சாட்சிகள். அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

குடியுரிமை பெற்றபின் வெளிநாடு செல்லும் இளந்தம்பதியர்க்கும் ஒரு சொல். வெளிநாட்டிற் பிறந்து வேறொரு குடியுரிமையும் உடைய பிள்ளைக்கு, இத்தாலியக் குடியுரிமை பிறப்பால் எப்போதும் வருவதில்லை என 2025ஆம் ஆண்டின் சட்டம் மாற்றியது. குடியுரிமை பெற்ற பின்னரும் பிள்ளை பிறக்கு முன்னரும், பெற்றோருள் ஒருவர் தொடர்ந்து ஈராண்டு இத்தாலியில் வதிந்திருத்தல் இதற்குரிய வழிகளுள் ஒன்று.

திரும்பி வந்த பிள்ளை ஆண்டின் எந்த மாதத்திலும் பாடசாலையிற் சேரலாம். பெற்றோரின் பத்திரங்கள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் இடம் பெறும் உரிமை பிள்ளைக்கு உண்டு.

நிறைவாக

ஒழுங்குமுறையை மீண்டும் ஒருமுறை சொல்வோம். புறப்படுமுன் அங்குள்ள பதிவை முறையாக நீக்கி, காப்புறுதிப் பத்திரமும் பாடசாலைச் சான்றும் தடுப்பூசிப் பதிவும் வாங்குக. வந்தவுடன் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்துடன் வீடு பெறுக. 20 நாள்களுக்குள் கொமூனேயில் வதிவிடத்தை அறிவிக்க. அதன்பின் குடும்ப வைத்தியரைத் தெரிக, ஈசே பெறுக, கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க. ‘பத்ரொனாத்தோ’ எனப்படும் தொழிலாளர் உதவி நிலையங்கள் இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமின்றி உதவுகின்றன. தொகைகளும் நிபந்தனைகளும் ஆண்டுதோறும் மாறுவன. ஆதலால் விண்ணப்பிக்கும் நாளில் அவர்களிடம் கேட்டு உறுதிசெய்தல் வேண்டும். இல்லாத வதிவை உண்டென எழுதிக் கையொப்பமிடுதல் குற்றம். பணம் பெற்றுத்தருவதாகக் கூறி அவ்வாறு எழுதச் சொல்பவர் எவராயினும் அவரை விட்டு விலகுக.

ஊரில் எமது காணிகளுக்கு உறுதி எழுதி, பெட்டகத்தில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பேணிய மக்கள் நாம். போரில் அப்பெட்டகங்களை இழந்து, பிறப்புச் சான்றிதழ்கூட இல்லாமல் அல்லற்பட்டோர் எம்மிடையே பலர். பத்திரத்தின் அருமையை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு இருக்கட்டும். அதில் ஒப்பந்தமும் வதிவிடச் சான்றும் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகளும் ஆண்டு வரிசையில் இருக்கட்டும். அக்கோப்பிலுள்ள ஒவ்வொரு பத்திரமும் எதற்கு உரியது என்பதை வீட்டிலுள்ள மூத்த பிள்ளை தமிழிலும் இத்தாலிய மொழியிலும் சொல்லக் கற்றுக்கொள்ளட்டும்.